ஊசிக்கு முன்னால் ஒரு படம்

2003 அக்டோபரில் அமெரிக்காவின் பெரிய நாளிதழ்களில் ஒரு முழுப்பக்க விளம்பரம் வந்தது. நோபல் பதக்கத்தைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்ட படம். கூடவே, இந்த வருஷ மருத்துவ நோபலில் ஒரு பெரிய அநியாயம் நடந்துவிட்டது, அதைத் திருத்தியே ஆகவேண்டும் என்று முறையீடு. கொடுத்தவர் ரேமண்ட் டமேடியன் என்ற டாக்டர். எம்.ஆர்.ஐ.க்கான பரிசை பால் லாட்டர்பருக்கும் பீட்டர் மான்ஸ்ஃபீல்டுக்கும் கொடுத்த கமிட்டி, இவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு பரிசை மூன்று பேர் வரை பகிர்ந்துகொள்ளலாம் என்பது நோபல் விதி. ஆக மூன்றாவது நாற்காலி காலியாகவே கிடந்தது. மனுஷருக்கு எப்படி எரிந்திருக்கும்!

யாருக்கு நியாயம் என்ற பஞ்சாயத்து இன்னும் முடியவில்லை (மூன்று பேருமே இப்போது உயிரோடு இல்லை, டமேடியன் 2022-இல் போய்ச் சேர்ந்தார்). நான் சொல்ல வந்தது வேறு. எம்.ஆர்.ஐ. என்ற கருவிக்கான முதல் ஆசையே புற்றுநோயைக் கண்டுபிடிப்பதுதான். ஆனால் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முன்வரிசையில் நிற்கிற ப்ராஸ்டேட் புற்றுநோய்க்கு இந்தக் கருவி உருப்படியாகப் பயன்பட 40 வருஷத்துக்கு மேல் ஆனது. ஏன் இவ்வளவு தாமதம்? ரொம்ப நாளாக இதைத் துருவிக்கொண்டிருந்தேன். அந்தக் கதைதான் இது.

முதலில் டமேடியன். சின்ன வயதில் பாட்டி புற்றுநோயில் வலியோடு இறந்ததைப் பார்த்தவர். வயலின் கற்றுக்கொண்டு, அப்புறம் டாக்டர் ஆனார். நியூயார்க்கில் புரூக்ளினில் வேலை. அணுக்கரு காந்த ஒத்ததிர்வு என்ற சமாச்சாரம் அப்போது வேதியியல்காரர்களின் சொத்து. 1946-இல் ஃபெலிக்ஸ் பிளாக்கும் எட்வர்ட் பர்செல்லும் தனித்தனியாகக் கண்டுபிடித்து 1952-இல் நோபலும் வாங்கியாயிற்று. விஷயம் இவ்வளவுதான்: நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீரில் இருக்கும் ஹைட்ரஜன் கருக்கள் குட்டிப் பம்பரங்கள் மாதிரி. பெரிய காந்தத்துக்குள் வைத்தால் காந்தப்புலத்தை ஒட்டி வரிசையில் நிற்கும். ரேடியோ அலையால் ஒரு தட்டு தட்டினால் சாயும், பிறகு மெல்லப் பழைய நிலைக்குத் திரும்பும். திரும்பும் நேரம் ஒவ்வொரு திசுவுக்கும் வேறு வேறு. டமேடியன் எலிகளின் கட்டிகளை எடுத்து அளந்து பார்த்தார். புற்றுநோய்த் திசுவில் அந்த நேரம் அதிகம். 1971 மார்ச்சில் சயன்ஸ் இதழில் கட்டுரை வந்தது.

அதே 1971 செப்டம்பரில், அதே மாதிரி எலிச் சோதனையை ஒருவர் திரும்பச் செய்வதைப் பார்த்த லாட்டர்பர், அன்று ராத்திரி ஹாம்பர்கர் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, காந்தப்புலத்தை ஒரு பக்கம் பலமாக, ஒரு பக்கம் பலவீனமாக வைத்தால் சமிக்ஞை எங்கிருந்து வருகிறது என்றே சொல்லிவிடலாமே என்று யோசித்தார். அதாவது படம்! 1973-இல் நேச்சரில் வந்தது, அதுவும் முதலில் திருப்பி அனுப்பப்பட்டு, மல்லுக்கட்டியபிறகு. படத்தில் இருந்தது என்ன தெரியுமா? தண்ணீர் ஊற்றிய இரண்டு கண்ணாடிக் குழாய்கள்.

1977 ஜூலை 3-இல் டமேடியன் தன் சொந்தத் தயாரிப்பான 'அடங்காதவன்' என்ற இயந்திரத்தில் மனித மார்பைப் படம்பிடித்தார். முதலில் தானே உள்ளே உட்கார்ந்து பார்த்தார், சரிப்படவில்லை. ஆள் கொஞ்சம் பருமன். ஒல்லியான மாணவர் ஒருவரை உட்காரவைத்து ஏறக்குறைய ஐந்து மணி நேரம். நோயாளிக்கு நிஜமாகவே உபயோகமான முதல் முழு உடல் படம் 1980 ஆகஸ்டில் ஸ்காட்லாந்தின் அபர்டீனில், ஜான் மல்லார்ட் குழுவிடமிருந்து வந்தது. 1982-இல் அதே அபர்டீனிலிருந்து ப்ராஸ்டேட் எம்.ஆர்.ஐ. பற்றிய கட்டுரையும் வந்துவிட்டது. ஆக, படம் எடுக்க முடியும் என்பது அப்போதே தெரியும்.

இங்கே கொஞ்சம் ப்ராஸ்டேட்டைப் பற்றி. தமிழில் 'முன்னிற்குஞ்சுரப்பி' என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். சிரிக்காதீர்கள், கிரேக்க மூலத்துக்கு அர்த்தமே 'முன்னால் நிற்பது' தான், சரியான மொழிபெயர்ப்பு. சின்ன எலுமிச்சை அளவு. சிறுநீர்ப்பைக்குக் கீழே, மலக்குடலுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும். அதனால்தான் டாக்டர் பின்வழியாக விரல் விட்டுப் பார்க்கிறார். விரலுக்கு எட்டுவது பின்பக்கம் மட்டும். நல்லவேளையாக சுமார் 70 சதவீதப் புற்றுநோய்கள் அந்த வெளி மண்டலத்தில்தான் வருகின்றன. மீதி?

மீதியை ரத்தப் பரிசோதனை பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தார்கள். 1979-இல் அமெரிக்காவின் பஃபலோ நகரத்தில் பி.எஸ்.ஏ. என்ற புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். 1986-இல் ஏற்கெனவே நோய் இருப்பவர்களைக் கண்காணிக்க அனுமதி, 1994-இல் நோயைத் தேடவே அனுமதி. 4-க்கு மேல் போனால் சந்தேகம். ஆனால் இந்தப் புரதம் புற்றுநோயின் கையெழுத்து கிடையாது, ப்ராஸ்டேட்டின் கையெழுத்து. வயதாகி சுரப்பி வீங்கினாலும் ஏறும், கிருமித்தொற்று வந்தாலும் ஏறும். ஏறாமலும் ஏமாற்றும்: 2004-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில் பி.எஸ்.ஏ. 4-க்குள் இருந்த ஆண்களுக்கும் பயாப்சி செய்து பார்த்தார்கள், 15 சதவீதம் பேருக்குப் புற்றுநோய் இருந்தது. இந்தத் துறையின் முன்னோடிகளில் ஒருவரான ரிச்சர்ட் ஏப்ளினே 2010-இல் நியூயார்க் டைம்ஸில், எல்லாருக்கும் இந்தச் சோதனை செய்வது பெரிய தப்பு என்று எழுதினார்.

பி.எஸ்.ஏ. ஏறினால் அடுத்தது ஊசி. 1989-இல் ஸ்டான்ஃபோர்டில் ஒரு முறையை வகுத்தார்கள். அல்ட்ராசவுண்ட் குழாயை மலக்குடலுக்குள் விட்டு, ப்ராஸ்டேட்டை ஆறாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் ஒரு ஊசி. பிறகு ஆறு போதாது என்று பத்து, பன்னிரண்டு ஆயிற்று. அல்ட்ராசவுண்டில் சுரப்பி தெரியும், ஆனால் கட்டி பெரும்பாலும் தெரியாது. அதாவது குத்துகிறவருக்கு சுவர் எங்கே என்று தெரியும், திருடன் எங்கே என்று தெரியாது. அரிசி மண்டியில் குத்தூசியால் மூட்டையைக் குத்தி ஒரு பிடி எடுத்துப் பார்ப்பார்களே, அந்த டெக்னிக். மூட்டை முழுக்க ஒரே அரிசி என்றால் சரி. ஒரு மூலையில் மட்டும் புழு இருந்தால்?

எங்கள் பெரியப்பாவுக்கு நடந்தது இதுதான். 2006-இல் அவருக்கு பி.எஸ்.ஏ. 7-ஐத் தாண்டியது. ஊரும் ஆஸ்பத்திரியும் வேண்டாம். 12 ஊசி, இரண்டு நாள் குளிர் காய்ச்சல், ஒரு வாரம் சிறுநீரில் ரத்தம். ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை. வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி, பெரியம்மா கோயிலுக்குப் போய் அர்ச்சனை எல்லாம் செய்துவிட்டு வந்தார். அடுத்த வருஷம் 9. மறுபடி 12 ஊசி, மறுபடி ஒன்றுமில்லை. 2009-இல் மூன்றாவது தடவை வேறொரு டாக்டர் வேறு வழியாகக் குத்தியபோதுதான் சிக்கியது. கட்டி சுரப்பியின் முன்பக்கத்தில் இருந்தது. விரலும் எட்டாது, மலக்குடல் வழியாக வரும் ஊசியும் அங்கே சரியாகப் போய்ச் சேராது. "மூணு வருஷம் கொசு ஒரு பக்கம் இருக்கு, இவங்க வேற பக்கம் அடிச்சிட்டிருந்திருக்காங்கடா" என்றார் பெரியப்பா. சிகிச்சை எடுத்து 2021 வரை நன்றாகவே இருந்தார். போனது மாரடைப்பில்.

இதற்கு நேர் எதிரான துன்பமும் உண்டு, அதில் மாட்டியவர்கள் இன்னும் அதிகம். 1935-லேயே ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஆர்னால்ட் ரிச் என்ற நோய்க்குறியியல் நிபுணர், வேறு காரணத்தால் இறந்துபோன ஆண்களின் உடலைச் சோதித்தபோது, யாருக்கும் தெரியாமல் ப்ராஸ்டேட்டில் சின்னச் சின்னப் புற்றுகள் இருப்பதைப் பார்த்து எழுதினார். வயது ஏற ஏற இந்த விகிதமும் ஏறுகிறது. அந்தப் புற்று அவர்களைக் கொல்லவில்லை, கடைசிவரை தொந்தரவும் செய்யவில்லை. இப்போது பாருங்கள், குருட்டாம்போக்கில் 12 இடத்தில் குத்தினால் இந்த மாதிரி சாதுவான புள்ளி ஏதாவது ஒன்றில் ஊசி படத்தானே செய்யும்? பட்டால் அதற்குப் பெயர் புற்றுநோய். அந்த வார்த்தையைக் கேட்டபிறகு எத்தனை பேர் சும்மா இருப்பார்கள்? ஆபரேஷன், கதிர்வீச்சு. அப்புறம் சிறுநீர் கட்டுப்படாமல் போவது, ஆண்மை போவது. பேண்டுக்குள் பேடு வைத்துக்கொண்டு நடமாடும் பெரியவர்கள் இதையெல்லாம் வெளியே சொல்வதில்லை.

ஆக ஊசிக்கு இரண்டு பாவங்கள். பெரிய மீனை விட்டுவிடும், குஞ்சு மீனைப் பிடித்துவரும். கண் தெரிந்தால் இரண்டும் தீரும். கண் அதாவது எம்.ஆர்.ஐ., 1982-லேயே இருந்ததே? மறுபடி அதே கேள்வி.

காரணம் ஒன்றல்ல. முதலாவது, டமேடியனின் எலிகளில் கட்டி 'நீண்ட நேரம்' காட்டியது. ப்ராஸ்டேட்டில் கதை தலைகீழ். வெளி மண்டலமே தண்ணீர் நிரம்பிய சுரப்பித் திசு, டி2 வகைப் படத்தில் வெள்ளை வெளேர் என்று தெரியும். புற்றுநோய் அங்கே கருப்பாகத் தெரியும். இது நல்லதுதானே என்கிறீர்களா? பழைய வீக்கமும் கருப்பு, தழும்பும் கருப்பு, ரத்தக்கசிவும் கருப்பாகலாம். சுரப்பியின் நடுப்பகுதியோ வயதானவர்களுக்கு ஏற்கெனவே முண்டும் முடிச்சுமாக இருப்பதால் அங்கே எது என்னவென்று சொல்வதே கஷ்டம்.

இரண்டாவது, தெளிவு போதவில்லை. 1989-இல் பென்சில்வேனியாவில் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஆன்டெனாவைத் தூரத்தில் வைத்தால்தானே சமிக்ஞை மங்கும், பலூனுக்குள் காயிலை வைத்து மலக்குடலுக்குள் விட்டு ஊதிவிட்டால்? படம் பிரமாதமாக வந்தது. நோயாளியின் அபிப்பிராயத்தை யாரும் பதிவு செய்ததாகத் தெரியவில்லை :-) பின்னால் 3 டெஸ்லா காந்தங்கள் வந்தபிறகுதான் பெரும்பாலான இடங்களில் இந்த பலூனுக்கு விடுதலை கிடைத்தது.

மூன்றாவதுதான் என் பார்வையில் முக்கியமானது. வரிசை. எம்.ஆர்.ஐ.யை யாரும் 'நோய் இருக்கிறதா, எங்கே இருக்கிறது' என்று கேட்கப் பயன்படுத்தவில்லை. ஊசி குத்தி, நோய் உறுதியாகி, ஆபரேஷனுக்கு முன்னால் 'சுரப்பியின் ஓட்டைத் தாண்டிவிட்டதா' என்று பார்க்கத்தான் எடுத்தார்கள். குத்திய இடத்திலெல்லாம் ரத்தம் கட்டியிருக்கும். அது வடிய வாரக்கணக்கில் ஆகும். ஏற்கெனவே மங்கலான கண்ணாடி, அதில் சேற்றையும் பூசிவிட்டு 'தெரியுதா, தெரியுதா' என்றால்? 1990-இல் அமெரிக்காவில் பல மையங்கள் சேர்ந்து எம்.ஆர்.ஐ.யையும் அல்ட்ராசவுண்டையும் ஒப்பிட்டார்கள். 5 மில்லிமீட்டருக்கு மேலான கட்டிகளில் எம்.ஆர்.ஐ. பிடித்தது 60 சதவீதம்தான், அல்ட்ராசவுண்டும் அவ்வளவே. இவ்வளவு செலவுக்கு இதுதானா என்று யூராலஜிஸ்டுகள் கையைக் கழுவிவிட்டார்கள். ஒரு தலைமுறையே 'ப்ராஸ்டேட் எம்.ஆர்.ஐ. வேலைக்காகாது' என்று படித்து வளர்ந்தது என்று சொன்னால் மிகையில்லை.

நடுவில் சில பேர் விடாமல் தோண்டிக்கொண்டிருந்தார்கள். சான் ஃபிரான்சிஸ்கோவில் ஹெட்விக் ரிசாக், ஜான் கர்ஹானெவிச் போன்றவர்கள். புற்றில் சிட்ரேட் குறையும், கோலின் கூடும், அதை அளக்கலாம் என்று 90-களில் ஸ்பெக்ட்ராஸ்கோப்பி வந்தது. அழகான யோசனை. 2009-இல் பல மையச் சோதனை வைத்தபோது, சாதாரண எம்.ஆர்.ஐ.யைவிட அதிகமாக எதுவும் சொல்லவில்லை என்று முடிந்தது. பாவம்.

வேலைக்கு ஆனது இன்னொன்று. டிஃப்யூஷன். தண்ணீர் மூலக்கூறுகள் சும்மா இருக்காது, அலைந்துகொண்டே இருக்கும். எவ்வளவு தூரம் அலைகின்றன என்று எம்.ஆர்.ஐ.யால் அளக்க முடியும். சாதாரண ப்ராஸ்டேட் திசு, ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ரங்கநாதன் தெரு மாதிரி, தாராளமாக நடக்கலாம். புற்றுநோய்த் திசுவில் செல்கள் நெருக்கியடித்து நிற்கும், அது தீபாவளிக்கு முந்தின வார ரங்கநாதன் தெரு. தண்ணீர் நகர முடியாது. நகராத இடம் படத்தில் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். மூளையில் பக்கவாதத்தைக் கண்டுபிடிக்க 90-களிலேயே பிரபலமான வித்தை, 2000-க்குப் பிறகு இங்கே இறங்கியது. கூடுதலாக ஒரு நல்ல விஷயம், நோய் எவ்வளவு முரடோ அவ்வளவு நெரிசல். ஆக சாதுப் புற்று மங்கலாகவும் முரட்டுப் புற்று தெளிவாகவும் தெரிகிற போக்கு இருக்கிறது. கருவியின் குறை என்று சொல்லவேண்டியது இங்கே வரமாகிவிட்டது! டி2 படம், டிஃப்யூஷன், காடோலினியம் மருந்து ஏற்றி ரத்த ஓட்டம் பார்ப்பது, மூன்றும் சேர்ந்ததற்கு மல்ட்டி பாராமெட்ரிக் என்று பெயர்.

2012-இல் ஐரோப்பிய ரேடியாலஜிஸ்டுகள் பை-ராட்ஸ் என்ற மதிப்பெண் முறையைக் கொண்டுவந்தார்கள். 1 என்றால் கவலை வேண்டாம், 5 என்றால் முக்கியமான புற்றுநோய் இருக்க மிக அதிக வாய்ப்பு. கேட்க சாதாரணமாக இருக்கும். அதுவரை ஒவ்வொருத்தரும் 'சந்தேகத்துக்குரிய நிழல்' என்று தன் இஷ்டத்துக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள், அதை வைத்து யார் என்ன முடிவெடுப்பது?

அப்புறம் லண்டன்காரர்கள் மார்க் எம்பர்ட்டன், ஹாஷிம் அஹமது குழு ஒரு துணிச்சலான காரியம் செய்தது. ஊசியை விட எம்.ஆர்.ஐ. மேல் என்று எப்படி நிரூபிப்பது? நிஜ விடை தெரிந்தால்தானே இரண்டுக்கும் மார்க் போட முடியும்? பிராமிஸ் என்ற அந்த ஆய்வில் 576 ஆண்கள், 11 மருத்துவமனைகள். ஒவ்வொருத்தருக்கும் முதலில் எம்.ஆர்.ஐ. பிறகு மயக்கமருந்து கொடுத்து, பின்புறத்துக்கு முன்னால் உள்ள தோல் வழியாக 5 மில்லிமீட்டருக்கு ஒன்றாக ப்ராஸ்டேட் முழுக்க சல்லடையாகத் துளைத்து எடுத்தார்கள். அதுதான் விடைத்தாள். கூடவே வழக்கமான 10-12 ஊசியும். ஒருத்தர் முடிவு இன்னொருத்தருக்குத் தெரியாது. 2017-இல் லான்செட்டில் ரிசல்ட் வந்தது. முக்கியமான புற்றுநோய்களில் எம்.ஆர்.ஐ. பிடித்தது 93 சதவீதம். வழக்கமான ஊசி? 48.

48! பூவா தலையா போட்டிருக்கலாம். இருபது, முப்பது வருஷமாக உலகம் முழுக்க 'ஒண்ணுமில்லை, சந்தோஷமாப் போங்க' என்று சொல்லி அனுப்பிய ரிப்போர்ட்டுகளை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. பெரியப்பா முகம்தான் ஞாபகம் வந்தது. அந்த 576 பேரும் இந்த அத்தனை குத்தலையும் வாங்கிக்கொள்ள சம்மதித்தவர்கள். அவர்களுக்கு யாரும் நோபல் கொடுக்கப்போவதில்லை.

அடுத்த வருஷமே 2018 மார்ச்சில் பிரிசிஷன் ஆய்வு. தலைமை தாங்கி எழுதியவர் பெயர் வீரு காசிவிஸ்வநாதன் (படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன் என்பதை மறைப்பானேன்). 11 நாடுகள், 500 ஆண்கள். பாதிப் பேருக்கு பழைய முறை. மீதிப் பேருக்கு முதலில் எம்.ஆர்.ஐ., சந்தேகம் இருந்தால் மட்டும் அந்த இடத்தைக் குறிவைத்து ஊசி. எம்.ஆர்.ஐ. பக்கம் 28 சதவீதம் பேருக்கு ஊசியே தேவைப்படவில்லை. முக்கியமான புற்றுநோய் சிக்கியது 38 சதவீதம் பேரிடம், பழைய முறையில் 26. சாதுப் புற்று பிடிபட்டது 9 சதவீதம், பழைய முறையில் 22. பெரிய மீன் கூடுதல், குஞ்சு மீன் குறைவு, ஊசியும் குறைவு. 2019-இல் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு, ஊசிக்கு முன்னால் எம்.ஆர்.ஐ. என்று வழிகாட்டுதலையே மாற்றிவிட்டது.

உடனே எம்.ஆர்.ஐ. கடவுள் என்று கும்பிடவேண்டாம். பிராமிஸிலேயே அதன் இன்னொரு மார்க் மோசம். முக்கியமான புற்று இல்லாதவர்களை 'இல்லை' என்று சரியாகச் சொன்னது 41 சதவீதம்தான். நிழலைப் பார்த்து மிரளும் சுபாவம் உண்டு. 'ஒன்றுமில்லை' என்று அது சொன்னவர்களிலும் 11 சதவீதம் பேரிடம் முக்கியமான புற்று இருந்தது. அதனால் படம் சுத்தமாக இருந்தாலும் பி.எஸ்.ஏ.யைத் தொடர்ந்து பார்க்கச் சொல்கிறார்கள். பை-ராட்ஸ் 3 என்று ஒரு திரிசங்கு சொர்க்கம் வேறு இருக்கிறது. முக்கியமாக, படத்தைப் படிக்கிறவரின் பழக்கத்தைப் பொறுத்தது எல்லாம். லண்டனில் வருஷம் முழுக்க இதையே பார்ப்பவரின் 93 சதவீதம், காலையில் முழங்கால், மதியம் முதுகெலும்பு, நடுவில் ஒரு ப்ராஸ்டேட் என்று பார்ப்பவருக்கு அப்படியே வரும் என்று எதிர்பார்க்க முடியாது. 'ப்ராஸ்டேட் படம் நிறையப் பார்ப்பவரா' என்று கேட்பதில் தப்பே இல்லை.

புற்று என்று தெரிந்தாலும் அடித்துப்பிடித்து ஓடவேண்டியதில்லை என்பதற்கும் இப்போது கணக்கு இருக்கிறது. இங்கிலாந்தின் ப்ரொடெக்ட் ஆய்வு, சுரப்பிக்குள்ளேயே அடங்கிய நோய் உள்ள 1,643 பேரை மூன்றாகப் பிரித்தது. ஆபரேஷன், கதிர்வீச்சு, கண்காணிப்பு மட்டும். 2023-இல் வந்த 15 வருஷ முடிவில் ப்ராஸ்டேட் புற்றுநோயால் இறந்தவர்கள் மொத்தமே 2.7 சதவீதம், மூன்று குழுவிலும் பெரிய வித்தியாசம் இல்லை. கண்காணிப்பில் இருப்பவர்களுக்கு இன்று எம்.ஆர்.ஐ. ரொம்ப உதவியாக இருக்கிறது, எடுத்ததற்கெல்லாம் ஊசி குத்தாமல் கட்டி வளர்கிறதா என்று பார்க்கலாம்.

அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இருந்தால் ஒருத்தருக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. பெரியப்பா பையன், எனக்கு அண்ணன், 2022-இல் 54 வயதில் பி.எஸ்.ஏ. பார்த்தான். 5-ஐத் தொட்டது. அப்பா பட்டதை எல்லாம் கூட இருந்து பார்த்தவன், போனில் குரலே வரவில்லை. அவனுடைய டாக்டர் முதலில் எழுதிக்கொடுத்தது எம்.ஆர்.ஐ. அரை மணி நேரம் அந்தக் குகைக்குள் டக் டக் டக் என்ற சத்தம். பை-ராட்ஸ் 2. ஊசி வேண்டாம், வருஷத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனை போதும் என்றார்கள். இதுவரை மூன்று தடவை பார்த்தாயிற்று, ஏறவில்லை.

கடைசியாக ஒரு புதுச் செய்தி. காடோலினியம் ஏற்றுவது அவசியமா என்று காசிவிஸ்வநாதன் குழு பிரைம் என்ற அடுத்த ஆய்வை நடத்தி 2025-இல் வெளியிட்டது. மருந்தோடு எடுத்த படம் பிடித்தது 29.6 சதவீதம், மருந்தில்லாமல் 29.2. அதாவது ஒன்றுதான். அனுபவமுள்ளவர் படிக்க வேண்டும், படமும் தரமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு, கையில் ஏற்றும் அந்த ஒரு ஊசியும் போகலாம். நேரமும் பாதியாகும், செலவும் குறையும். ஒரு இயந்திரத்தில் ஒரு நாளைக்கு இன்னும் சில பேரைப் பார்க்கலாம். படிக்க ஆள் இருந்தால்.